மூன்று நிமிட ரேடியோ

இரண்டாம் மாடிப் படி திரும்பும் இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி நிற்கிறாள். காதில் ஒயர். ஒரு கையில் மருந்தியல் நோட்டு. இன்னொரு கை சீருடையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறது. "மூணு நிமிஷம். தீப்பிடிச்சாக்கூடக் கூப்பிடாதீங்கடி." வகுப்பு முடிந்து வார்டுக்கு ஓடுவதற்குள் அவளுக்குக் கிடைப்பது அந்த ஒரு பாட்டுதான்.

நர்சிங் மூன்றாம் வருடம், விடுதியில் என் அறைத்தோழி. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி; எங்களுக்கு அவள் ரேடியோ. பயந்த சுபாவம். மாத்திரைகளை மூன்று முறை சரிபார்ப்பாள், நான்காம் முறை என்னைப் பார்க்கச் சொல்வாள். ஊசி போடும்போது தொண்டைக்குள் ஒரு மெட்டு ஓடினால்தான் கை நடுங்காது. "பாட்டுதான்டி எனக்கு மருந்து. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, டியூட்டிக்கு முன்னாடி ஒண்ணு." வார்டில் ஒரு பெரியவர், "ஊசி கிடக்கட்டும், பாட்டை முடிம்மா" என்றாராம்.

ஒருநாள் அழுக்குத்துணி மூட்டையோடு படியேறிய சலவை அறை அக்கா அவள் பக்கத்தில் நின்றார். "அப்படி என்னதான் கேக்குற? எனக்கும் கொஞ்சம் குடேன்." ரேடியோ நீட்டிய ஒயரை அவரால் பிடிக்க முடியவில்லை. பிளீச்சிங் தண்ணீரில் விரல்கள் தோலுரிந்து சிவந்திருந்தன. "கிளவுஸ் நிறுத்தி மூணு மாசமாச்சு. கேட்டா, வேலையை விட்டுப் போங்கறாங்க." ரேடியோதான் அவர் காதில் வைத்துவிட்டாள். அன்று அவள் பாட்டுக் கேட்கவில்லை.

அந்த வாரமே நான்கு வரி எழுதி மெட்டும் போட்டாள். விடுதியில் எல்லோருக்கும் மனப்பாடம். மாணவர் விழாவில் பாடப்போவதாகச் சொன்னதும் அவள் அம்மா போனிலேயே அழுதார். "படிப்பை முடிச்சுட்டு வாடி. உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" இன்டர்னல் மார்க் போடுவது முதல்வர் மேடம்; சலவை அறையும் அவர் பொறுப்புதான். அந்த நினைப்பில் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மேடை ஏறியதும், முன்வரிசையிலிருந்த என்னை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள்.

"வெள்ளைத் துணி வெளுத்தவ கையி..."

அடுத்த வரி வரவில்லை. எனக்கு அந்த வரி தெரியும். பக்கத்து நாற்காலியில் மேடம் இருந்தார். வாயைத் திறக்கவில்லை நான்.

"...வெந்து போச்சே, யாரு பாத்தா?" பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது. அப்புறம் பத்து, ஐம்பது. கடைசியில்தான் நானும் சேர்ந்தேன்.

மறுநாள் காலை மேடம் கூப்பிட்டார். "யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் இல்ல மேடம், நான்தான்." சொல்லிவிட்டு வந்து குளியலறையில் வாந்தி எடுத்தாள்.

வியாழக்கிழமை சலவை அறைக்கு இரண்டு பெட்டி கையுறை வந்தது. திங்கட்கிழமை மார்க் பட்டியலை மாட்டினார்கள். பலகை முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீயே படி" என்றாள். என் விரல்களை நெரித்துவிடுவாள் போலிருந்தது.

"இருபத்தஞ்சுக்குப் பதிமூணு. பாஸ்தான்."

போன தடவை அவளுக்கு இருபத்து மூன்று.

"உனக்கு?"

"இருபத்து ரெண்டு" என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

கண்ணைத் திறந்தாள். தன் பெயருக்கு நேரே விரலை ஓட்டிப் பார்த்தாள். பட்டியலின் ஒரு மூலை குண்டூசி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. தாளை நேராக்கி, ஊசியைக் கட்டைவிரலால் அழுத்திக் குத்திவிட்டு, வார்டுக்கு நடந்தாள்.