அன்னத்தின் கண் இருந்த அட்டை

என் அன்னப்பட்சி அட்டைக் கட்டை இரவல் வாங்கிப்போய், நூற்றுப் பதினேழாம் அட்டையை மட்டும் உருவிவிட்டு, அறுந்த நூலை அழகாக முடிச்சுப் போட்டுத் திருப்பி வைத்தவர் யாரோ, உங்களைத்தான் சொல்கிறேன். அந்த மாதம் மூன்று பேர் வாங்கிப்போனீர்கள். மூவரும் இல்லை என்று சாதிக்கிறீர்கள். அதில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று தெரியாததால்தான் மரியாதையாகப் பேசுகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு அட்டை வியாபாரம். பச்சையாகச் சொன்னால், ஓட்டை விற்கும் வியாபாரம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலைபோலக் கோத்து ஓடும். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் ஜரிகை மேலே வரும், இல்லாத இடத்தில் வராது. மயில், யானை, அன்னம் எல்லாம் இந்த ‘வரும், வராது’ இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன. தென்னேரியிலிருந்து எட்டாம் வகுப்போடு வந்து, திட்டு வாங்கியும் திட்டியும் இதைக் கற்றவள் நான். பொருளை இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் என் கட்சி.

ஓட்டைக்கு என்ன விலை

ஒரு நெசவாளர் வந்தார். ஒரு மணி நேரம் பேரம். கடைசியில் அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியே என்னைப் பார்த்தார். “பாதி அட்டைய வெட்டி எடுத்துட்டிருக்கியேமா, வெட்டின பாதிக்கு எதுக்கு நான் காசு குடுக்கணும்?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கை நிற்காது. ஓட்டையே போடாத வெற்று அட்டைக் கட்டைத் தூக்கி அவர் மடியில் போட்டேன். “இந்தாங்க, முழுசு. சும்மாவே எடுத்துக்கினு போங்க. இதுல அன்னம் நெய்ங்க பார்க்கலாம்” என்றேன். நாற்பது பக்க நோட்டு வெறுமையாக இருந்தால் கடிதமாகிவிடுமா? எதை வெட்டினோம் என்பதற்கு எவ்வளவு விலையோ, எதை வெட்டாமல் விட்டோம் என்பதற்கும் அவ்வளவு விலை. கத்தித் தீர்த்தபிறகு பார்த்தால், மனுஷர் நிதானமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

“அப்போ ஓட்டை போடாத எடத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குறேன்னு நீயே ஒத்துக்கிறியா?”

பார்க்கும் அன்னம்

எங்கள் அன்னத்தின் உடம்பு முழுக்க ஜரிகை. கண் மட்டும் ஒரு புள்ளி, ஜரிகை வராத இடம். அந்தப் புள்ளி நூற்றுப் பதினேழாம் அட்டையில், ஓட்டை போடாமல் விட்ட ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அட்டை போனதும் கண்ணும் போனது. என் கட்டை வைத்து நெய்யும் செல்விதான் முதலில் கண்டுபிடித்தாள். அதற்குள் நாலு புடவை நெய்து முடித்திருந்தாள். கண் எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்கப் பழைய புடவை ஒன்றாவது கிடைக்காதா என்று தேடினோம். எல்லாம் விற்றுப்போயிருந்தன. செல்போனில் படம் இருந்தது. பெரிதாக்கினால் கண் இருக்கவேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகப் புழுதி.

கண்ணில்லாத அந்த நாலு புடவையில் ஒன்றைப் பார்க்க ஓர் அம்மா வந்தார். கரையை விரலால் தடவி, “இந்த அன்னத்தோட கண்ணப் பாருங்களேன், அப்படியே என்னையே பார்க்குது” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணே இல்லாத பறவை எப்படிப் பார்க்கும்? அந்த அம்மாவின் மூளை, அன்னம் என்றால் கண் இருக்கும் என்று தானே ஒரு கண்ணை நெய்து வைத்துவிட்டிருக்கிறது. அட்டையில்லாமல், ஜரிகையில்லாமல், ஒரு நொடியில். வாயை மூடிக்கொண்டிருந்தால் விற்றிருக்கும். மனசு கேட்கவில்லை, விரல் வைத்துக் காட்டினேன். புடவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் சுருங்கியது. அதற்குமேல் எத்தனை முறை பார்த்தும் அவருக்குக் கண் திரும்பி வரவில்லை.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா இருந்திருக்கும்ல?”

ஆமா

அந்த அன்னத்தைப் பல வருஷம் நெய்தவர் செல்வியின் கணவர் லோகநாதன். போன வருஷம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. இப்போது அவரிடம் மிச்சம் ஒரே சொல்: “ஆமா”. சாப்பிட்டீர்களா என்றாலும் ஆமா, சாப்பிடவில்லையா என்றாலும் ஆமா. “இவனுக்கு இனிமே ஒண்ணும் தெரியாது. தறியக் குடுத்துட்டு அறைய வாடகைக்கு விடலாம்” என்று அவருடைய அண்ணன் பெருமாள் வாரத்துக்கு ஒருமுறை வந்து சொல்கிறார். வீடு அண்ணன் பெயரில் இருப்பதால் செல்வியால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

எனக்கு லோகநாதனின் கண்ணைப் பார்த்தால் சந்தேகம். உள்ளே ஆள் இருக்கிறார் போலத்தான் தெரிகிறது. அதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டே, தலைநிமிராமல் பதில் சொன்னாள்.

“அட்டையெல்லாம் உள்ள அப்படியே இருக்குதுக்கா, கோத்த நூலுதான் அறுந்துபோச்சு.”

நாலு துண்டு

அந்த ஒரு வாக்கியம் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. புதிய அட்டை அடித்தேன். மற்ற ஓட்டைகளைப் பக்கத்து அட்டைகளைப் பார்த்துப் போட்டுவிடலாம். கண்ணுக்கு எந்த இடத்தை விடுவது? நாலு இடம் பொருந்தி வந்தன. நாலு அட்டை அடித்து, செல்வி நாலு அன்னம் நெய்தாள். ஓர் ஓட்டை தள்ளினால் அன்னத்துக்குத் தூக்கக் கலக்கம். இன்னோர் ஓட்டை தள்ளினால் கடன் கேட்க வந்த முகம்.

நாலு துண்டையும் லோகநாதன் முன்னால் பரப்பினேன். பெருமாளும் வந்து நின்றார். முதல் துண்டு, “ஆமா”. இரண்டாவது, “ஆமா”. பெருமாள் சிரித்தார். மூன்றாவதுக்கும் ஆமாதான், ஆனால் இடது கை அதன்மேல் போய் உட்கார்ந்தது, எடுக்கவே இல்லை. நான் விடுவேனா? பேரம் பேசிப் பேசி வளர்ந்தவள். நாலாவதை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “இதுதான் அண்ணே சரி. முடிச்சுக்கலாமா?” என்று அழுத்திக் கேட்டேன். வாய் “ஆமா” என்றது. கை அதைத் தள்ளிவிட்டது. வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். இத்தனை வருஷத்தில் நான் நம்பியது கையை மட்டும்தான். மறுநாள் துண்டுகளைக் கலைத்துப் போட்டேன். அதே துண்டு. அதற்கடுத்த நாளும் அதே துண்டு. செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெருமாள் மட்டும் அசையவில்லை.

“அவனுக்கு அது பிடிச்சிருக்குது, அவ்ளோதான். சரியா இல்லையான்னு பழைய அட்ட வந்து சொல்லட்டும், தை பொறக்கிற வரைக்கும் தறியத் தொடல.”

உங்களுக்கு

ஆகவே அட்டையை எடுத்தவரே, இப்போது புரிகிறதா, உங்களிடம் இருப்பது என் சரக்கு மட்டும் இல்லை. ஒரு மனுஷர் தன் தலைக்குள் இருக்கிறாரா இல்லையா என்பதற்குச் சாட்சி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பழைய அட்டையையும் புது அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பெருமாள் கண்ணெதிரே வெயிலில் பிடிக்க வேண்டும். சுற்றிலும் வெளிச்சம் வந்து, அந்த ஓர் இடம் மட்டும் இரண்டிலும் இருட்டாக இருந்தால் போதும். நேரில் வர வெட்கமாக இருந்தால் கடை வாசலில் போட்டுவிட்டு ஓடுங்கள், திட்டமாட்டேன், சத்தியமாகத் துரத்தமாட்டேன். ஆயுசு முழுக்க ஓட்டை விற்றுப் பிழைத்தவள், ஓட்டை போடாத ஒரே ஓர் இடத்துக்காகக் கையேந்தி நிற்கிறேன். தை பிறப்பதற்குள் கொண்டுவந்து வையுங்கள்.