எட்டு சுவிட்ச் மோடம்

அந்த லைன்மேனை எல்லோரும் டேப்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கம்பத்தில் இருக்கும்போது, கீழே யாரோ விவரம் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தி லைனில் கரண்ட் விட்டுவிட்டார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் உயிர் தப்பியது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்காது. அன்றிலிருந்து, தொடக்கூடாத பொத்தான் எதைக் கண்டாலும் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அவருடைய தங்கை புருஷன் ஆற்றோரத்தில் நீர்மட்டம் பார்க்கும் காவலர். அங்கே ஒரு கருவி தண்ணீரை அளந்து, மோடம் வழியாக மணிக்கொரு தரம் நகரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லும். இடி விழுந்து மோடம் கருகிவிட்டது. கருவி பேசாவிட்டால் காவலர் தன் கண்ணால் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது சட்டம். அவருடைய ஒரே மகளோ நாளைக் காலை கப்பலேறி வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். திரும்பி வர நாலு வருஷம் ஆகும்.

ஸ்டோரில் தேடிப் பழைய மோடம் ஒன்றை எடுத்துக்கொண்டு டேப்காரர் வந்து இரண்டு நாள் ஆகிறது. அதற்கு விளக்கப் புத்தகம் கிடையாது. முதுகில் எட்டு சின்ன சுவிட்ச், முகத்தில் ஒரே ஒரு பொத்தான். எதன்மேலும் ஓர் எழுத்து இல்லை. முதல் நாளே பொத்தானை அழுத்திப் பார்த்தார். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. ஆகாத வேலை என்று மறுபடி அழுத்திப் பச்சைக்குக் கொண்டுவந்து டேப்பை ஒட்டிவிட்டு, சுவிட்சுகளை மேலும் கீழும் மாற்றி மாற்றி நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். மோடம் ஒவ்வொரு முறையும் கீச்சுக் கீச்சென்று நம்பர் போட்டது; லைன் அசையவில்லை.

"மச்சான், கடைசி பஸ் மூணு மணிக்கு," என்றார் காவலர்.

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன? ரெண்டு நாளா கோழிக்குஞ்சு மாதிரி கத்துது, அவ்வளவுதான்."

"உன் வாயை விடக் குறைச்சலாத்தான் கத்துது. சும்மா இரு."

லைனே செத்துவிட்டதோ என்று டேப்காரருக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்த பழைய போனில் விரலை விட்டுச் சுழற்றி அலுவலக நம்பரைப் போட்டார். மணி அடித்தது. அந்தப் பக்கத்து மோடம் எடுத்து, "கீ..." என்று நீளமாகக் கூவியது.

டேப்காரர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். இந்த லைனுக்குச் சுழற்றிப் போடும் நம்பர்தான் புரியும். மோடத்தின் கீச்சு புரியாது. நம்பரைக் கையால் போட்டாயிற்று, அங்கே கூப்பிடவும் செய்கிறது. இங்கே பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. கடவுளே என்று டேப்பை உரித்துப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எரிந்தது. மோடம் பதிலுக்குக் கூவியது. ரிசீவரை மெல்ல வைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "அளவு வந்திருச்சுங்க," என்றார் அலுவலகத்து எழுத்தர்.

"ரெண்டு நாளா நானே அதோட வாயைக் கட்டி வச்சிருந்திருக்கேன்," என்றார் டேப்காரர்.

காவலர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய் நின்றுவிட்டார்.

"மணிக்கு மணி யாரு நம்பரைச் சுத்துறது?"

"கருவி பேசுதுல்ல? உன் கையெழுத்து வேண்டாம். சுத்த என் விரல் போதும்."

"அப்ப நீ அவளைப் பார்க்க முடியாதே, மச்சான்."

"ரெண்டு பேரும் போனா ஆத்தை யாரு பார்க்கிறது? பஸ் போயிரப் போகுது, ஓடு."

மூன்றாம் நாள் காவலர் திரும்பி வந்தார். கண் வீங்கியிருந்தது.

"மாமா எங்கேன்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"போன்ல பேசிக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன்."

டேப்காரர் மணியைப் பார்த்துவிட்டு நம்பரைச் சுழற்றினார்.