சும்மா போன புதுச்சேரி

எங்கள் ஊரில் யாரும் காரணமில்லாமல் வெளியூர் போவதில்லை. கோயிலுக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம், எழவுக்குப் போவோம். அதனால் சனிக்கிழமை லீவு வேண்டும் என்று போர்மேனிடம் கேட்டபோது, "யாருக்கு என்ன?" என்றார் அவர்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா புதுச்சேரிக்குப் போறோம், சுத்திப் பாக்க."

கூடப் பட்டாசுச் சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அன்று சாயங்காலமே வந்து, திரும்பும்போது தனக்கு ஒரு பாட்டில் கிடைக்குமா என்று தலையைச் சொறிந்தார். புதுச்சேரி என்றால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வேறெதுவும் ஞாபகம் வராது. "உங்களுக்குன்னு லாரியிலயே லோடு ஏத்திட்டு வாரேன், போய்ப் படுங்கண்ணே" என்று அனுப்பிவைத்தேன்.

சும்மா என்று சொன்னேனே தவிர, எனக்குக் காரணம் இருந்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் எதிரெதிரே நின்று வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டால்தான் எங்கள் வழக்கத்தில் பேச்சு உறுதி. என் வீட்டுக்காரர் தட்டைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். "என் தம்பி மாத்தட்டும். நான் பின்னால நிக்கேன்."

மூன்று தீபாவளிக்கு முன்னால், எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறை தீப்பிடித்து, அவருடைய வலது கை வெந்துபோனது. உயிர் பிழைத்ததே பெரிது. தோல் சுருங்கி இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. ஆனாலும் அந்தக் கை பிடிக்கும், தூக்கும், எல்லா வேலையும் செய்யும். வெளியே மட்டும் வராது. எங்கே போனாலும் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார். பட்டாசு செய்கிற எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெந்த கை என்ன அதிசயமா? தெருவுக்குத் தெரு உண்டு. சொன்னால் கேட்டால்தானே.

அவர் தட்டைத் தொடமாட்டேன் என்றதும் மகள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை இவர்தான் மாற்றுவார், வேறு யாரும் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்கு முன்னால் அந்தக் கை ஒரு தடவையாவது நாலு பேர் மத்தியில் வெளியே வர வேண்டும். தெரிந்த முகங்கள் இருக்கிற இடத்தில் அது நடக்காது. பல தேசத்து ஆட்கள் வந்துபோகிற, யாரும் யாரையும் கண்டுகொள்ளாத ஊராகப் பார்த்துச் சொல்லு என்றதும், மகள்தான் புதுச்சேரி என்றாள்.

மூன்று பேரும் சாத்தூரில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். கால்வாய்க்கு இந்தப் பக்கம் நம்மூர்க் கடைத்தெரு மாதிரியே சத்தமும் நெரிசலும். தாண்டினால் மஞ்சள் சுவர்கள், சுவருக்கு மேல் காகிதப்பூ, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய தெருப் பலகைகள், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர். ஒரு வீட்டு வாசலில், பார்த்தால் நம் சித்தப்பா மாதிரி இருந்த பெரியவர் ஒருவர் தன் மனைவியிடம் பிரெஞ்சில் எகிறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா தமிழில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சண்டைன்னா எந்தப் பாசையும் வெளங்குது" என்றார் என் வீட்டுக்காரர். நன்றாகத்தான் பார்த்தார், சிரித்தார். ஆனால் டீயை இடது கையில்தான் வாங்கினார்.

"இங்கன உங்களை யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"தெரியாதவகளும் பாக்கத்தான செய்வாக."

பழைய காலத்துப் பெரிய வீடு ஒன்றை மக்கள் சுற்றிப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்தார்கள். யானை நுழையும் கதவு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், அந்த வீட்டின் பெயரை வெட்டிய பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. நாங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு அறையின் வாசலிலும் ஒரு செம்புத் தகடு உண்டு. உள்ளே காலை வைக்கும் முன் அதில் கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும், மருந்துப் பக்கம் பொறி வராது. வருசக்கணக்காகச் செய்து செய்து அது கைக்கே தெரிந்த வேலை.

அவர் செருப்பைக் கழற்றினார், துண்டிலிருந்து வலது கையை எடுத்தார், தகட்டில் வைத்தார், உள்ளே போனார். பின்னால் போன நானும் வைத்தேன். செய்கிறோம் என்கிற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை. மகள் "யம்மா!" என்று இழுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி, அந்த வீட்டு மரியாதை இதுதான் போல என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தகட்டைத் தொட்டார்கள். அடுத்து ஒரு வங்காளிக் குடும்பம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பர்தா போட்ட ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கித் தொடவைத்தாள்.

காவலாளி ஓடி வந்தார். "யோவ், இன்னாய்யா பண்றீங்க? அது சாமி இல்லய்யா, போர்டு! காலைலதான் தேச்சு வச்சேன்."

கை வெளியே இருப்பது அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. துண்டைத் தேடினார். அதற்குள் வரிசையில் கடைசியாக நின்ற ஒரு வெள்ளைக்கார இளைஞன் சுண்டுவிரல் நுனியால் தகட்டைப் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு உள்ளே வந்தான். அதை மட்டும் இவரால் பொறுக்க முடியவில்லை. மருந்து அறைக்குள் அப்படி நுழைந்தவனை ஒரு நாளும் விட்டதில்லை இவர். "ஏய், அப்படியில்ல! உள்ளங்கை முழுசும் படணும்" என்று போய், வெந்த கையைத் தகட்டில் விரித்து வைத்துக் காட்டினார். அத்தனை கண்களும் அந்தக் கையைப் பார்த்தன. இளைஞன் பயபக்தியோடு தன் கையையும் பக்கத்தில் வைத்தான். "ஆங், இப்ப சரி" என்றார் இவர். காவலாளி தலையில் அடித்துக்கொண்டார். மகள் சிரித்துச் சிரித்துச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். கடற்கரைக்குப் போவதற்குள் கை மறுபடியும் துண்டுக்குள் போய்விட்டது. நான் விடவில்லை. துண்டை உருவி, கரையோரத்துப் பாறையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி பிள்ள. துண்டைக் குடு."

"மாட்டேன். அம்புட்டுப் பேருக்கும் வாத்தியார் மாதிரி காட்டுனீகள்ல? உங்க மகளுக்கு ஒரு தட்டை நீட்ட முடியாதோ?"

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இருட்டுகிற வரை நானும் எழுந்திருக்கவில்லை, அவரும் போகவில்லை. ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று என் கொழுந்தன் புது வேட்டி கட்டி, தட்டை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். ஏற்பாடு அப்படித்தான் இருந்தது. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவர் வந்தார். தோளில் துண்டு இல்லை.

"ஏலே, நீ அங்கன தள்ளி நில்லு" என்று தம்பியிடமிருந்து தட்டை வாங்கி, இரண்டு கையாலும் சம்பந்தியிடம் நீட்டினார். சம்பந்தியின் பார்வை ஒட்டிய விரல்களில் போய் நின்றது. இவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மருந்து ரூமுல வெந்ததுங்க சம்பந்தி. இந்தக் கையாலதான் என் பிள்ளையத் தூக்கி வளத்தேன். பிடிங்க" என்றார்.

தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய மகள் அதை மறந்து, நிமிர்ந்து அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.