கிண்ணம் கவிழ்ப்பவள்

மெஸ்கோய் நிலைப்படியின் குறுக்கே குப்புறப் படுத்திருந்தாள். வலது காது மண்ணில் அழுந்தியிருந்தது. தெருவில் போன கழுதைக்காரன் நின்று வேடிக்கை பார்த்தான். வீட்டுக்காரி வெட்கப்பட்டு, போய்த் தொலையேன் என்று அவனைக் கையசைத்து விரட்டினாள்.

"சும்மா இரு," என்றாள் மெஸ்கோய்.

வீட்டுக்காரி கையை இறக்கினாள்.

"உன்னைச் சொல்லலடி," என்று தரையைப் பார்த்தபடியே சொன்னாள் மெஸ்கோய்.

எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் இப்படித்தான். முதலில் படுத்துக் கேட்பாள். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, பல் பிடுங்குகிறவன் சொத்தையைச் சொல்வதுபோல அடியில் இருக்கும் பேய்களைச் சொல்வாள்: "ஒண்ணு பழசு. தூங்குது, அதை எழுப்ப வேண்டாம். இன்னொண்ணு புதுசு, வாயாடி." அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் எவரும் நிலைப்படியை மிதிக்க மாட்டார்கள், தாண்டித்தான் போவார்கள்.

நிப்பூர் நகரின் வாய்க்காலோரத் தெருக்களில் அவள் கிண்ணம் கவிழ்க்காத யூத வீடு குறைவு. கஞ்சி குடிக்கிற அதே மண் கிண்ணம்தான். உள்பக்கம் விளிம்பிலிருந்து நடுக்குழி வரை மையால் சுற்றிச் சுற்றி எழுதுவாள். குழியில், காலில் விலங்கு போட்ட லிலித் என்ற பெண்பேயின் உருவம். பிறகு வாசலில் குழி தோண்டிக் கவிழ்த்து மூடிவிடுவாள். மனைவியின் சாயலில் ஆண்களிடம் வருகிறவள், தொட்டிலில் கிடப்பதைத் தூக்கிக்கொண்டு போகிறவள், அதற்கடியில் சிக்கினால் சிக்கினதுதான்.

எழுதுவாள் என்பது பேச்சுக்கு. அவளுக்கு எழுத்துத் தெரியாது. இழுப்பு, கொக்கி, புள்ளி, மறுபடி இழுப்பு. தூரத்தில் பார்த்தால் வேதச் சுருளின் வரி மாதிரியே இருக்கும். கிட்டே போனால் எறும்பு ஊர்ந்த தடம். யாராவது கேட்டால், "உனக்கா எழுதினேன்? படிக்க வேண்டியவ படிச்சுக்குவா," என்பாள். உருவத்தில் மட்டும் ரொம்பக் கவனம். ஆட்டுப்பால்காரியோடு சண்டை போட்ட பருவத்தில் அவள் வரைந்த லிலித்துகள் எல்லாவற்றுக்கும் ஆட்டுப்பால்காரியின் மூக்கு.

யாரைப் பார்த்தாலும் தாயின் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வாள். கிண்ணத்தில் தாய் பெயர்தான் செல்லும். "அப்பன் பேரு எதுக்கு? அதை யாரு கூட இருந்து பாத்தா?" பேரீச்சங்கள்ளில் பிரியம் உண்டு, ஆனால் இரட்டைப்படையில் நிறுத்த மாட்டாள். இரண்டாவது குவளையோடு ஜாடி தீர்ந்துபோனால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியாவது மூன்றாவதைக் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். இரட்டைப்படையில் குடித்தவன் பின்னால் எது வருமோ யார் கண்டது. ஓய்வுநாளில் கிண்ணத்தைத் தொட மாட்டாள். அன்றைக்கு ஏதாவது வந்துவிட்டால்? "அதுங்களும் நம்ம ஊர்லதானே இருக்குதுங்க. அதுங்களுக்கும் ஓய்வுதான்."

கோடையில், தம்மூஸ் மாதப் பாதியிலிருந்து அவளுக்கு வேலை அதிகம். ஆலயம் இடிந்த துக்கத்துக்காக இருக்கும் இரண்டு நோன்புகளுக்கு நடுவே உள்ள வாரங்கள் அவை. வெயில் உச்சிக்கு ஏறும்போது தெருவில் நாய்கூட இருக்காது. நடுப்பகலுக்கென்றே ஒரு பேய் இருக்கிறது. நிழலுக்கும் வெயிலுக்கும் இடையிலுள்ள கோட்டின் மேல் அது உருண்டு வரும் என்று பெரியவர்களே ஒதுங்கி நடப்பார்கள். அந்த வாரங்களில்தான் கள் காய்ச்சும் ஸுத்ராவின் வீட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது.

அழைக்க வந்தவள் ஸுத்ராவின் இரண்டாவது மனைவி தேனாக். முதல் மனைவி குமீஷ் பனிக்காலத்தில் பிள்ளை பெற்ற மறுநாள் போய்ச் சேர்ந்தாள். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஸுத்ரா திண்டாடினான். அறுவடைக்கு முன்பே உறவினர்கள் தேனாக்கைக் கட்டிவைத்தார்கள்.

"பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குறான், பெரியம்மா," என்றாள் தேனாக்.

"யாரு பாலு?"

"ஆட்டுப்பாலு. கூலிக்குப் பால் குடுக்கிறவளைக் கூட்டிட்டு வந்தேன், அவ கிட்டயும் வாய் வைக்கல. ஆனா இளைக்கல. கொழுகொழுன்னு இருக்கான். மத்தியானம் நான் கண்ணயந்து எழுந்து பாத்தா, வாயோரத்துல பால் வழிஞ்சிருக்கு."

மெஸ்கோய் கைவேலையை நிறுத்தினாள். "சாம்பல் தூவிப் பாத்தியா?"

"பாத்தேன்."

பேய் வந்துபோகும் இடத்தில் சலித்த சாம்பலைத் தூவிவைத்தால் சேவலின் காலடி பதிந்திருக்கும். இது எல்லோருக்கும் தெரியும்.

"சேவல் கால் இல்ல, பெரியம்மா. மனுஷக் காலு. பொம்பளைக் காலு. இடது கால்ல கடைசி விரல் மேல பக்கத்து விரல் ஏறிக் கிடக்கு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு."

மறுநாள் காலை மெஸ்கோய் கிண்ணத்தோடு போனாள். வழக்கம்போல நிலைப்படியில் படுத்தாள். வெகுநேரம் படுத்திருந்தாள். இடது காதை வைத்தும் கேட்டாள். எழுந்தவள் மண்ணைத் தட்டவில்லை.

"என்ன கேட்டுச்சு?" என்றான் ஸுத்ரா.

"ஒண்ணும் கேக்கல."

அவள் எத்தனையோ வாசல்களில் படுத்திருக்கிறாள். ஒன்றுமே கேட்காத வாசலை அன்றுதான் பார்த்தாள். தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். ஆஸா என்று பெயர். வெளியே கல் வெடிக்கிற வெயில்; பிள்ளையின் உதடு கிணற்றடிப் பானைபோலச் சில்லிட்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. ஆளைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

"இவன் கடைசியா எப்ப அழுதான்?"

தேனாக்கும் ஸுத்ராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் நினைவில்லை.

"பால் குடுக்கிறது பெத்தவதான்," என்றாள் மெஸ்கோய். "ஆசைலதான் குடுக்கிறா. ஆனா அந்தப் பால்ல வளர்ற பிள்ளை இந்தப் பக்கம் வளராது. அவ பக்கமா வளரும். இப்பவே பாதி போயிட்டான்."

"அப்ப கிண்ணத்தைக் கவுத்துடு, பெரியம்மா!" என்றாள் தேனாக்.

"எதைக் கவுக்கிறது? லிலித்துன்னா திருடி. பதுங்கி வருவா, நிலைப்படி பிடிச்சுக்கும். இவ வீட்டுக்காரி. தன் வீட்டுக்குள்ள தன் வாசல் வழியா வர்றா. நிலைப்படி எதுக்குத் தடுக்கணும்?" அவள் ஸுத்ராவின் பக்கம் திரும்பினாள். "ஒரே வழிதான் இருக்கு, தம்பி. லிலித்துக்குக் குடுக்கிற மாதிரி கல்யாணத்தைத் தீர்த்துவிட்ட சீட்டை இதுல எழுதறேன். இன்னார் மகள் குமீஷே, இனிமே நீ எனக்குப் பொண்டாட்டி இல்ல, விரிச்ச தலையோட வெளிய போன்னு நீ உன் வாயால சொல்லணும். சொல்லிட்டா அவ இந்த வீட்டுக்கு அந்நியம். அப்புறம் கிண்ணம் தாங்கும்."

ஸுத்ரா பருமனான ஆள்; புளித்த பேரீச்சை வாசம் அவனோடே நடக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அவ பேய் இல்ல."

"நானும் அப்படிச் சொல்லலியே."

"எங்க அப்பா அம்மா பக்கத்துல படுக்க வெச்சிருக்கேன். செத்தவங்க எல்லாம் எழுந்திருக்கிற நாள்ல அவ எங்களோட எழுந்திருக்கணும். தீத்துவிட்டா? யாருமில்லாதவளா எழுந்து, யாரைத் தேடிப் போவா?"

"அப்ப உங்க பிள்ளை?" தேனாக்கின் குரல் ஏறியது. "அவனும் போய் அங்கியே பக்கத்துல படுக்கட்டுமா?"

"பேரை விட்டுட்டு எழுதிடு, பெரியம்மா," என்றான் ஸுத்ரா.

"பேரில்லாம எழுதினா தெருவுல போற எவளுக்கோ போய்ச் சேரும். அவ குடும்பம் கெட்டுடும்."

மெஸ்கோய் மையைக் குழைத்தாள். தேனாக் வாசலிலிருந்து தொட்டில் வரைக்கும், தொட்டிலைச் சுற்றியும் சாம்பலைத் தூவினாள். முற்றத்துப் பேரீச்சையின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து மரத்தின் அடியில் ஒளிந்துகொண்டது. தெருவில் இருந்த சத்தம் எல்லாம் அடங்கியது. ஸுத்ரா வாயைத் திறந்தான். "குமீஷே," என்றான். அதற்குமேல் வரவில்லை. மறுபடி, "குமீஷே," என்றான். கூப்பிடுவது போலத்தான் இருந்தது.

மெஸ்கோயின் எழுதுகோல் கிண்ணத்தின் உள்ளே வழுக்கி ஒரு கறையைப் போட்டது.

வாசலுக்கு உள்பக்கம், சாம்பலில் ஒரு கால் பதிந்திருந்தது. பதிந்ததை எவரும் பார்க்கவில்லை, பார்த்தபோது இருந்தது. அடுத்தது இடது கால். விரல்மேல் விரல். காற்று இல்லை. சாம்பல் ஒரு துளியும் கலையாமல், ஒவ்வொரு குதிகாலும் நிதானமாக அழுந்திற்று, சொந்த வீட்டுக்குள் நடக்கிறவளின் நடைபோல. தொட்டிலுக்குள் ஆஸா இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஸுத்ரா முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு, படுக்கைக்குப் போகுமுன் சொல்கிற, 'இஸ்ரயேலே, கேள்' என்று தொடங்கும் ஜெபத்தை நடுப்பகலில் சொல்லத் தொடங்கினான்.

தேனாக் அசைந்தாள். காலடிகளை மிதிக்காமல் சுற்றிப்போய்த் தொட்டிலுக்கு மறுபக்கம் நின்றாள். குனிந்து பிள்ளையை எடுத்தாள். அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மெஸ்கோய்க்குக் கேட்டது. தரையில் உட்கார்ந்து, மேலாடையை விலக்கி, பால் சுரக்காத தன் மார்பில் பிள்ளையின் வாயை வைத்தாள்.

"அக்கா," என்றாள் எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்து. "என்கிட்ட ஒண்ணுமில்ல. தெரியும். ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சுப் புகட்டறேன். கஞ்சி குடிக்கிற வயசு வந்தா கஞ்சி குடுக்கறேன். உன் பேரைச் சொல்லித்தான் வளப்பேன். உன் புருஷன் உனக்கே புருஷனா இருக்கட்டும், அதுல நான் குறுக்க வரல. இவனை மட்டும் எனக்கு விடு, அக்கா."

தொட்டிலருகே இருந்த இரண்டு காலடிகளும் அப்படியே இருந்தன. பிள்ளை வாயை வைத்து உறிஞ்சினான். ஒன்றும் வரவில்லை. முகத்தைத் திருப்பி, காலடிகள் இருந்த பக்கம் தேடினான். அங்கேயும் ஒன்றும் இல்லை. உதடு கோணிற்று. பிறகு, தொண்டை கிழிய, பசித்த பிள்ளை அழுகிற அழுகையை அழுதான். முகம் சிவந்து, முதுகு வளைந்து, காலை உதைத்துக்கொண்டு அழுதான். தேனாக் அவன் உச்சந்தலையில் கன்னத்தை வைத்தாள். "சூடா இருக்கான்," என்றாள். "பெரியம்மா, சூடா இருக்கான்!"

மெஸ்கோய் அவளைப் பார்க்கவில்லை. சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிலருகே இருந்த தடத்தின் மேலேயே இன்னொரு தடம், விரல்கள் வாசலைப் பார்த்தபடி. அடுத்தது கொஞ்சம் தள்ளி. நடை மெதுவாக இருந்தது. பிள்ளை ஓங்கி அழுதபோது ஒருமுறை நின்றது. குதிகால் மட்டும் ஆழமாக அழுந்திற்று. பிறகு போயிற்று. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் சாம்பல் முடியும் இடத்தில் கடைசித் தடம்.

வெளியே முற்றம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. தெருக்கதவு வரை ஒரு நிழல் இல்லை. செருப்பில்லாமல் கால் வைத்தால் கொப்புளிக்கிற மண்.

மெஸ்கோய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கள் ஜாடிகளுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க்குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள். குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி மண்ணில் தெளித்தாள். ஓர் அடி பின்னால் நகர்ந்து மறுபடி தெளித்தாள். கொதித்த மண் உஸ்ஸென்று குடித்தது. அப்படியே, வாசலைப் பார்த்தபடி, பின்னால் நடந்து நடந்து, தெருக்கதவு வரைக்கும் மண்ணை நனைத்துக்கொண்டே போனாள்.