ஜிப் வைத்த நீலப் பை

எங்கள் மாமா ஊர் ஊராகப் போய் மோட்டார் பம்ப் விற்கிறவர். எந்த லாட்ஜில் தங்கினாலும் அங்கே தருகிற குட்டி சோப்பு, பிரஷ், பேஸ்ட்டைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் குளிப்பதென்னவோ வீட்டிலிருந்து எடுத்துப்போன சோப்பில்தான். அலமாரியில் துணி வைக்க இடமில்லாமல் போனபோதுதான் அத்தைக்கு அந்த யோசனை வந்தது.

அத்தை சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாக வருகிற நோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்கள் கட்டிய துணியோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு இதையெல்லாம் கொடுத்தால் என்ன என்று ஆபீஸ் தோழிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டாள். டூர் போனவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் மிஞ்சியதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் லாட்ஜ்காரர்களும் கொடுத்தனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துப் பை பையாகப் போடுவோம். சீப்பு போடுவது என் வேலை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஊரில் பாதிப்பேர் தலை சீவுவதே என் தயவில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை ஒன்றில் கண்டிப்பு. போட்டோ எடுக்கக் கூடாது, பேர் ஊர் கேட்கக் கூடாது, கொடுத்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. நல்ல காரியம் செய்துவிட்டு அதை ஏன் ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளேனில் கொடுக்கிற சின்ன ஜிப் பை ஒன்று வந்தது. கருநீலம், ஓரத்தில் வெள்ளிக் கோடு. பென்சில் வைத்துக்கொள்ளக் கேட்டேன்.

"ஒனக்குத்தான் பை கெடக்கே. வேணும்னா கடைல வாங்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டு அத்தை அதற்குள் சோப்பைப் போட்டாள். அழுதுகொண்டே நான் சீப்பைப் போட்டேன். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பை என் வகுப்புக்கு வந்தது. என் பெஞ்சிலேயே உட்காரும் பெண் கொண்டுவந்திருந்தாள். திருவேங்கடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கொஞ்ச நாளாகச் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தாள். பைக்குள் பென்சில்களை அடுக்கியிருந்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்கள்.

"எங்க பெரியப்பா துபாய்ல இருந்து கொண்டாந்தாவ" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எனக்குக் கிடைக்காத பை என்பது ஒன்று, எங்கள் புகழை யாரோ பெரியப்பா கொண்டுபோகிறார் என்பது இன்னொன்று.

"ஏட்டி, பொய் சொல்லாத. அது எங்க அத்தை ஆஸ்பத்திரில சும்மா குடுத்தது. நான்தான் அதுல சீப்பு போட்டேன்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொற்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வழி கிடைக்கவில்லை. "ஆஸ்பத்திரில யாருக்கு என்னட்டி?" என்று ஒருத்தி கேட்கும்போதே அவள் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த வருஷம் முழுவதும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் என் இடத்தில் நீலப் பை இருந்தது. உள்ளே பிரஷ், சீப்பு, நோட்டுத்தாளில் சுற்றிய பாதி கரைந்த சோப்பு. பை எனக்கே வந்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அத்தை அந்தச் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். பாராட்டுவாள் என்று நினைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் திட்டவில்லை. செருப்பைப் போடச் சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

அந்தப் பெண்ணின் அப்பா பருத்தி லோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். அம்மா கீழே உட்கார்ந்திருந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பிள்ள தெரியாமச் சொல்லிட்டா. தப்பா நெனைக்காதிய" என்று அத்தை பையை நீட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று அந்த அம்மா சிரித்தார். "எங்ககிட்ட எல்லாம் இருக்கு. இல்லாதவங்களுக்குக் குடுங்க." கையை மட்டும் நீட்டவில்லை.

வெளியே குழாயடியில் அவள் யூனிபார்ம் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வெறும் தண்ணீரில் காலரைத் திரும்பத் திரும்பக் கசக்கினாள். என்னைப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது சொன்னேன்: "பாத்தியளா அத்தை, அவங்ககிட்ட எல்லாம் இருக்காம். நாமதான் தெரியாமக் குடுத்துட்டோம்."

அத்தை வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதை அவளும் ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.