பாலத்தில் பிடிக்காத பிரேக்

குருக்கள்மடத்தில் இருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் தாதி நான். வாங்கிச் சில மாதங்களிலேயே என் ஸ்கூட்டரின் பிரேக் இடைக்கிடை பிடிக்காமல் போனது. ஷோரூமில் சொன்னபோதெல்லாம், "மிஸ், நீங்க பிடிக்கிற விதம்தான் பிழை" என்று சிரித்து அனுப்பினார்கள். நானும் என்னையே சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் காலை மகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, கல்லடிப் பாலத்தில் முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. பிரேக் பிடிக்கவில்லை. மோதி விழுந்தோம். பின்னால் இருந்த மகளின் கை முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். மனேஜர் குரலைத் தாழ்த்தி, "இந்த மொடலுக்கு அந்தக் குறை இருக்குதான் மிஸ். கொம்பனி பிரேக்கை மாத்திக் குடுக்கச் சொன்னது. வந்து கேக்கிற ஆக்களுக்கு மாத்திக் குடுக்கிறம்" என்றார்.

"நான் வந்து கேட்டனே?"

அவர் மேசையில் இருந்த பில் புத்தகத்தைப் புரட்டினார்.

பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் அதே மொடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகளின் கையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "மிஸ், வெளியில போய்க் கதையுங்க" என்றார் மனேஜர். நான் நகரவில்லை. அவர்கள் வாங்காமல் போனார்கள்.

பிறகு புது பிரேக் போட்டுத் தந்தார்கள். மகளின் கையும் சுகமாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. புத்தாண்டு வாழ்த்து அனுப்ப என் நம்பர் அவர்களிடம் இருந்தது. பிரேக்கில் குறை இருக்கிறது என்று சொல்லத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.