ஐம்பத்தைந்து டிகிரியில் மூன்றாம் சங்கு

பீன்யா தொழிற்பேட்டை ரெண்டாம் ஸ்டேஜில் பவுடர் கோட்டிங் என்றால் கோவிந்தராஜன்தான். அவரே சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். சொன்னால் என்ன, பொய்யா? கோலார் தங்கவயலில் சுரங்கக் கூலிக்குப் பிறந்து, அஞ்சாம் கிளாஸோடு படிப்புக்குக் கும்பிடு போட்டு, பெங்களூர் வந்து அடுத்தவன் ஷெட்டில் துரு தேய்த்த ஆள். இன்றைக்குச் சொந்த ஷெட், சொந்த ஓவன். ஆளுயர இரும்பு அறை அது. ஆஸ்பத்திரிக் கட்டிலோ சைக்கிள் ஃப்ரேமோ, பவுடர் தூவி உள்ளே தொங்கவிட்டு இருநூறு டிகிரியில் வேகவைத்தால் வெளியே வரும்போது அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

தொழிலுக்கு அடுத்தபடி அவர் உயிரை வைத்திருந்தது 'மூன்றாம் சங்கு' மேல். தங்கவயல் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய பேண்டு அது. சுரங்கத்தில் ராத்திரி ஷிப்டுக்கு ஊதும் சங்கின் பெயரை வைத்துக்கொண்டு, காக்ஸ் டவுன் கல்யாணங்களிலும் சர்ச் திருவிழாக்களிலும் கிடாரோடு தமிழில் பாடினார்கள். டிரேவர்தான் பாட்டுக்காரன். அவன் தொண்டையைத் திறந்தால் பிரியாணிப் பந்தியில் கை நின்றுபோகும். ஒரே ஒரு தடவை ஸ்டூடியோவில் பாடி மூன்று ஸ்பூல் டேப்பில் பதிவு செய்தார்கள். காசெட் போடுகிறேன் என்ற ஆள் கைவிரித்துவிட்டான். டேப்புகள் டிரேவரின் டிரங்குப் பெட்டிக்குப் போயின. அவன் செத்த பிறகு அக்கா பவுலினிடம் வந்தன. வேறு காப்பி கிடையாது.

அந்த டேப்பு வெளியே வரணும் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். கோவிந்தராஜன் தலைவர். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் யூஜின் செக்ரட்டரி. வாட்ஸப் குரூப், டி-ஷர்ட், ஞாயிற்றுக்கிழமைதோறும் மார்க்கெட் முனையில் 'எங்க பாட்டு எங்களுக்கு வேணும்' என்று போர்டு பிடித்து நிற்பது. கடைசியில் ஒரு ஆடியோ கம்பெனி இறங்கி வந்தது. கல்லறைத் திருநாளுக்குள் பாட்டைக் கொடுத்தால் போடுகிறோம் என்றது.

பவுலின் அக்காதான் இறங்கவில்லை. ஜீவனஹள்ளி வீட்டு வாசலில் நின்றபடியே பேசி அனுப்புவாள்.

"அவன் குரல் இதுல மட்டும்தான்டா இருக்கு. எவன் கையிலயாவது குடுத்து நாசமாப் போச்சுன்னா யாரைப் போய்க் கேப்பேன்?"

"என்னைக் கேளுக்கா," என்றார் கோவிந்தராஜன். "இந்தக் கையில வந்த பொருள் எதுவும் கெட்டதில்லை. பீன்யாவுல விசாரிச்சுப் பாரு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பெட்டியைத் திறந்தாள்.

ஆனால் டேப்பு ஓடவில்லை. பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் யாமினி, ஒரு ஸ்பூலை விரலால் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். "பிசுபிசுன்னு ஆயிடுச்சு அங்கிள். இப்படியே ஓட்டினா மேல் பூச்சு உரிஞ்சு வந்துடும். உள்ள ஏறின ஈரம் போக ஐம்பத்தைஞ்சு டிகிரி சூட்டுல ஒரு நாள் வெச்சு எடுக்கணும். என் சூட்டுப் பெட்டியில இவ்வளவு பெரிய ஸ்பூல் நுழையாது. மும்பைக்கு அனுப்பினா செய்வாங்க. மாசக்கணக்கா ஆகும்."

"மும்பையா? என் ஓவனுக்குள்ள பத்து பீரோ தொங்குது. மூணு ஸ்பூல் தொங்காதா?"

யாமினி தயங்கினாள். காலி ஓவனை ஒரு ஞாயிறு முழுக்க ஓட்டி, முள் ஐம்பத்தைந்தில் ஆணி அடித்த மாதிரி நிற்பதைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தாள்.

வேலை நாளில் ஓவன் ஒழியாது. அதனால் ஆயுத பூஜைக்கு முந்தின மத்தியானம், கடைசி லோடு இறங்கி ஓவன் ஆறியதும், ஸ்பூல்களை உள்ளே வைத்து முள்ளை ஐம்பத்தைந்தில் நிறுத்தினார்கள். கோவிந்தராஜன் ஃபோர்மேன் நாகேஷைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நைட்டு வரைக்கும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. எவன் கேட்டாலும்."

"திறக்க மாட்டேன் சார்," என்றான் நாகேஷ். அந்தச் சொல்லை அவன் காப்பாற்றவும் செய்தான்.

பூஜைக்கு ரசிகர்களை எல்லாம் ஷெட்டுக்கு வரவழைத்திருந்தார். சும்மா விடுவாரா? ஓவனுக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயரச் சாமந்தி மாலை. கதவைத் தட்டிக் காட்டினார். "சவுண்டு என்ஜினியருங்க கைவிட்ட டேப்பு, இதோ உள்ள இருக்கு. அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன் ஓவன்ல."

"தலைவரே, ஆல்பம் அட்டையில உங்க போட்டோவும் வருமா?" என்று யூஜின் இழுத்தார்.

"போட்டோ வேணாம். பேர் வந்தாப் போதும். பெரிய எழுத்துல."

பூசணிக்காய் உடைந்தது. அடுத்தது அந்த ஷெட்டின் வழக்கம். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டியாக வேண்டும், ஒன்றும் சும்மா நிற்கக் கூடாது. முதல் வருஷம் அவரே போட்ட சட்டம் அது. ஒவ்வொரு வருஷமும் செய்கிற மாதிரி கையை உயரத் தூக்கினார். "ஓட்டுங்கடா!"

கம்ப்ரஸர் உறுமியது. கிரைண்டர் கீச்சிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் பொரியும் மைசூர்பாகும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேருக்குக் கொடுத்திருப்பார், காதில் ஒரு சத்தம் விழுந்தது. 'பும்' என்று பிடித்து, பிறகு புசுபுசுவென்று மூச்சு விடுகிற சத்தம். ஓவன் பர்னர் முழுத் தீயில் எரியும்போதுதான் அப்படிக் கேட்கும்.

தட்டு கையைவிட்டு விழுந்தது.

"நாகேஷா, ஓவனை என்ன பண்ணினே?"

"நீங்கதானே சார் ஓட்டுன்னீங்க. கதவைத் தொடல்ல. இருநூறுல வெச்சேன், எப்பவும் போல."

முள் நூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நாகேஷ் பர்னரை அணைத்தான். கோவிந்தராஜன் கதவை இழுத்துத் திறந்து வெறுங்கையை உள்ளே நீட்டினார். யாமினி ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதீங்க அங்கிள். சூட்டோட எடுத்தா சுருங்கிடும். கதவு திறந்தே இருக்கட்டும். தானா ஆறணும்."

அனல் முகத்தில் அடித்தது. மேல் தட்டில், பர்னர் பக்கமாக இருந்த ஸ்பூலின் விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. மாலையில் இருந்த சாமந்தி வாடித் தொங்கியது.

அப்போது போன் அடித்தது. பவுலின் அக்கா.

"பூஜை ஆச்சா கோவிந்து? என் தம்பி எப்படி இருக்கான்?"

எத்தனையோ மேடையில் மைக்கைப் பிடுங்கிப் பேசிய வாய். "நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வாக்கா. எல்லாரும் இருப்போம்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவரே போய் ஆட்டோவில் கூட்டிவந்தார். வழியெல்லாம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "உடம்பு சரியில்லையாடா?" என்று அவள் ரெண்டு தடவை கேட்டாள்.

முதல் ஸ்பூல் ஓடியது. டிரேவர் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். யூஜின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டாவதும் சுத்தம். மூன்றாவதின் டேப்பை யாமினி நெளிந்த ஸ்பூலிலிருந்து மெல்ல வேறொன்றுக்குச் சுற்றி மாற்றியிருந்தாள். பாடி முடித்தபடியே சுற்றி வைத்த டேப்பு, வெளிச் சுற்றில்தான் கடைசிப் பாட்டு இருக்கும், சூடு முதலில் பிடித்ததும் அங்கேதான். பாட்டு வந்தது. முதல் சரணம், ரெண்டாம் சரணம். மூன்றாவது சரணத்தின் நடுவில் ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை.

பவுலின் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா?"

"சின்ன மிஸ்டேக் அக்கா, லேபர் ஒருத்தன்..." என்று யூஜின் ஆரம்பித்தார்.

"லேபர் இல்லை. நான்," என்றார் கோவிந்தராஜன். "பூஜை ஜோர்ல ஓட்டுன்னு கையைத் தூக்கிட்டேன். உள்ள டிரேவர் இருக்கான்னு எனக்கு நெனப்பே இல்லை. உனக்கு இஷ்டம் இல்லைன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்டுக்கா. கம்பெனிக்கு நான் சொல்லிக்கிறேன்."

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தான். யாமினி மெதுவாகச் சொன்னாள்: "அறுந்த இடத்துக்கு முன்னாடியே சத்தத்தை மெதுவாக் குறைச்சு முடிச்சுடலாம் ஆன்ட்டி. யாருக்கும் தெரியாது."

"எதுக்கு மறைக்கணும்? டிரேவர் எந்த வேலையை முழுசா முடிச்சான்? ஐடிஐயில பாதி, மெக்கானிக் ஷாப்புல பாதி, கல்யாணம் நிச்சயத்தோட நின்னுச்சு. அறுந்த இடத்துலயே நிக்கட்டும். போடு." பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் திரும்பினாள். "அட்டையில உன் பேர் வரணும்னு பேசிக்கிட்டியாமே?"

"வேணாம்க்கா."

"வரணும். அந்தப் பாட்டுக்குக் கீழே. மீதி கோவிந்தராஜன் ஓவன்ல இருக்குதுன்னு போடச் சொல்லு."

அப்படியேதான் அச்சடித்தார்கள். கல்லறைத் திருநாள் அன்று டிரேவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, ஸ்பீக்கர் வைத்து எல்லாப் பாட்டையும் போட்டார்கள். கடைசிப் பாட்டு அறுந்தது. கூட்டம் அப்படியே நின்றது. பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல், விட்ட இடத்திலிருந்து சரணத்தைப் பிடித்தது. எத்தனை கல்யாணத்தில் முன் வரிசையில் நின்று கேட்ட பாட்டு, ஒரு சொல் தவறவில்லை. பாடி முடித்துக் கோவிந்தராஜன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சுருதியே சேரலடா," என்றாள் பவுலின்.

"சுருதி கெடக்கட்டும்க்கா," என்றார். "மீதிப் பாட்டு இந்த பெங்களூர்ல யார்கிட்ட இருக்கு, சொல்லு?"